மூன்றாம் மாடிச் சமையலறை ஜன்னல்

நீதித்துறை நடுவர் முன்னிலையில் சாட்சி உறுதிமொழி எடுத்துக்கொண்டு 24.04.2025 வியாழக்கிழமை காலை 11.15 மணிக்குச் சொல்லத் தொடங்கிய வாக்குமூலம்.

சாட்சியின் பெயர் ஜெரூஷா. வயது 27. தந்தை பெயர் வேதசிரோமணி. இருப்பிடம் கீழ்க்கட்டளை, சென்னை. மதம் கிறிஸ்தவம். திருமணம் ஆகவில்லை.

நான் மேற்சொன்ன இடத்தில் பதினெட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் என் தந்தையுடன் வசிக்கிறேன். என் தந்தைக்கு வயது 66. அரசு உதவி பெறும் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் தாயார் ஹில்டா 2019ஆம் ஆண்டு காலமானார். எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. நான் தனியார் நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தபடியே மருத்துவக் கோப்புகளுக்குக் குறியீடு போடும் வேலை செய்கிறேன்.

வேலை நேரம் போக நான் கவிதை எழுதி மேடையில் சொல்லி வருகிறேன். பாடகியா என்று கேட்டதற்கு, இல்லை என்கிறேன். எனக்கு ராகம் தெரியாது. தாளத்தைப் போனில் ஓடவிட்டு அதற்கு ஏற்றபடி கவிதையை வேகமாகப் பேசுவேன். அதை ஹிப் ஹாப் என்றும் ராப் என்றும் சொல்வார்கள். ஏரி ஆக்கிரமிப்பு, வாடகைக்கு வீடு தரும்போது சாதி கேட்பது, குப்பைக் கிடங்கு இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறேன். பேருந்து நிலையத்திலும் கல்லூரிகளிலும் சமுதாயக் கூடங்களிலும் சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் இதற்குத் தனி அறை கிடையாது. என் தாயாரின் துணி அலமாரியில் இன்னும் புடவைகள் இருக்கின்றன. எதிரொலி வராது என்பதால் அந்த அலமாரிக் கதவைத் திறந்து தலையை உள்ளே வைத்துக்கொண்டு பதிவு செய்வேன். நான் கவிதை சொல்லி என் தந்தை நேரில் கேட்டதில்லை.

இந்த வருடம் ஜனவரி மாதம், செப்டிக் டேங்கில் இறங்கி இறந்துபோகிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். அப்போது அந்த வாயுவைப் பற்றி என் தந்தையிடம் கேட்டேன். அவர் பழைய ஞாபகத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் விளக்கினார். அழுகிய முட்டை வாடை அடிக்கும், அளவு கூடினால் வாடையே தெரியாமல் போய்விடும் என்றார். "மூக்கு முதல்ல செத்துடும் ஜெரூ. ஆளுக்கு அது தெரியாது. வாடை போயிடுச்சு, இனிமே பயமில்லைன்னு நினைச்சுக்குவான்" என்று சொன்னார். என் தாயார் போன பிறகு நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். அதை வைத்து நான் 'மூடி' என்ற கவிதையை எழுதினேன். அதன் வரிகளைச் சொல்லும்படி கேட்டதால் நான்கு வரிகள் சொல்கிறேன்.

வாடை அடிச்சா பயப்படு மச்சான்,
வாடையே நின்னா ஓடிடு மச்சான்,
நின்னது நாத்தம் இல்ல, உன் மூக்கு,
அடுத்தது நிக்கப் போறது மூச்சு.

அதன் பிறகு 08.02.2025 சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கோவிலம்பாக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனம் கழிவுநீர் லாரித் தொழிலாளர்களுக்காக நடத்திய விழிப்புணர்வுக் கூட்டத்தில் அந்தக் கவிதையைச் சொன்னேன். நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். பதினோரு பேர் வந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் கூட்டம் நடத்தியவர்கள். நான் முடித்து இறங்கியபோது, நீலச் சட்டை போட்ட ஒருவர் என்னிடம் வந்தார். அவர்தான் இந்த வழக்கில் இறந்துபோன தயாளன். வயது 36 என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் "பாட்டு நல்லாக்கீதும்மா" என்றார். பிறகு, "ஆனா எறங்குறவன் கைல பாடிகினு கீற. எங்களுக்குத் தெரியாதா அது. எறக்குறவன் கைல போய்ப் பாடு" என்று சொன்னார். இறக்கிவிடுகிறவர்களிடம் போய்ப் பாடு என்பதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கவிதையில் உள்ள குறையை அதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை. மற்றவர்கள் 'சூப்பர்' என்று மட்டும் சொல்வார்கள்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து, ஆட்களைக் கூப்பிட்டு வேலை வாங்கும் வீட்டுக்காரர்களைப் பார்த்துச் சொல்வதுபோல இரண்டாவது பகுதி ஒன்றை எழுதினேன். அதை என் தந்தையிடம் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "வெளியில எங்க வேணாலும் சொல்லு. நம்ம குடியிருப்பு குரூப்ல மட்டும் போட்டுடாத. எல்லாரும் முகம் பார்த்துப் பழகறவங்க" என்றார். நான் போடவில்லை.

எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு கிடையாது. குடியிருப்பின் பின்பக்கம் செப்டிக் டேங்க் இருக்கிறது. எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே அதன் மூடி. குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் தரைத்தளத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி சத்யநாராயணன். செயலாளர் என் தந்தை. மார்ச் இரண்டாவது வாரம் தொட்டி நிரம்பி சத்யநாராயணன் வீட்டுக் குளியலறைக்குள் தண்ணீர் எதிர்த்து வந்தது. 16.03.2025 ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவருடைய மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதனால் அன்று காலையே கழிவுநீர் லாரியை வரச் சொன்னார்கள்.

அன்று என் தந்தை முதல் ஆராதனைக்குப் போய்விட்டு ஒன்பதரை மணிக்குத் திரும்பினார். கோயிலுக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டையை மாற்றாமல் கீழே போய் நின்றார். நான் கோயிலுக்குப் போகவில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஒரு கவிதைப் பதிவை அனுப்ப வேண்டியிருந்தது. சுமார் 10.40க்கு டீ போடச் சமையலறைக்குப் போனபோது ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். லாரியின் ஓஸ் குழாய் தொட்டிக்குள் விடப்பட்டிருந்தது. என் தந்தையும் சத்யநாராயணனும் கைக்குட்டையால் மூக்கை மூடியபடி நின்றிருந்தார்கள். லாரி டிரைவர் சாம்பசிவனும் இன்னொருவரும் மூடியருகே இருந்தார்கள். அந்த இன்னொருவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். தயாளன் என்று அடையாளம் தெரிந்தது. அவருக்கும் என்னைத் தெரிந்தது. கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

அதன் பிறகு கீழே பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. லாரி மோட்டாரை அப்போது நிறுத்தியிருந்தார்கள். தயாளன், "சார், அடிச்சேறு கெட்டியா கீது, ஓஸ்ல ஏறாது. மூடியத் தெறந்து போட்டு ரெண்டு நாள் உடுங்க. அப்பால பாத்துக்கலாம்" என்றார். சத்யநாராயணன், "போன தடவை வந்தவங்க இறங்கித்தானே சுத்தம் பண்ணினாங்க" என்றார்.  அதன் பிறகு என் தந்தை, "சாயங்காலம் வீட்டுக்கு ஆள் வராங்கப்பா. கொஞ்சம்தான் பாக்கி. ஒரு அஞ்சு நிமிஷம் இறங்கிக் கலக்கி விட்டுடு, மோட்டார் இழுத்துடும்" என்று சொன்னார். என் தந்தைதான் சொன்னாரா என்று கேட்டதற்கு, ஆம், அவர்தான், அவர் குரல் எனக்குத் தெரியும் என்கிறேன். வாடை இன்னும் அடித்ததா என்று கேட்டதற்கு, எனக்கு மூன்றாம் மாடியில் அடித்தது, கீழே நின்றவர்களுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

அப்போது தயாளன் மறுபடி மேலே பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு, சத்யநாராயணன் முன்னால் என் தந்தையை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. கீழே போய் என் தந்தையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். இறங்கக் கூடாது என்பது தயாளனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், இறங்க மாட்டார் என்றும் நினைத்தேன். அதன் பிறகு வாடை வருகிறது என்று ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டேன். அடுப்பை அணைத்தேன். கீழே போகவில்லை. அறைக்குப் போய் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அலமாரிக்குள் தலையை வைத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். எந்தக் கவிதை என்று கேட்டதற்கு, 'மூடி' கவிதையின் இரண்டாவது பகுதி என்கிறேன்.

அந்தப் பதிவு 10.52க்குத் தொடங்கியதாகப் போனில் காட்டுகிறது. அதன் நீளம் பதினான்கு நிமிடம். நடுவில் தவறு செய்து திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். கடைசி நாற்பது விநாடி என் குரலுக்குப் பின்னால் கீழே கத்துகிற சத்தம் பதிவாகியிருக்கிறது. அப்போது அது எனக்குக் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றிய பிறகுதான் கேட்டது. அந்தப் போனை இந்த நீதிமன்றத்தில் ஒப்படைக்கிறேன்.

அதன் பிறகு நான் படியில் ஓடி இறங்கிப் பின்பக்கம் போனேன். சாம்பசிவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தொட்டிக்குள் பாதி இறங்கி மயங்கிவிட, எங்கள் குடியிருப்புக் காவலாளி அவரை மேலே இழுத்துப் போட்டிருந்தார். என் தந்தை தொட்டி விளிம்பில் குப்புறப் படுத்துத் தோள் வரை வலது கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். "தம்பி, கையப் பிடி, கையப் பிடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தயாளனின் பெயர் அவருக்குத் தெரியாது. நான் என் தந்தையின் காலைப் பிடித்து இழுத்தேன். தீயணைப்பு வண்டி 11.35க்கு வந்தது. 11.50க்குத் தயாளனை வெளியே எடுத்தார்கள். அவர் உயிருடன் இல்லை என்பது பார்த்தபோதே தெரிந்தது. ஆம்புலன்ஸ் போன பிறகு என் தந்தை பின்பக்கக் குழாயடியில் நின்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். சோப்பு தீரும் வரை கழுவினார். நான் மேலே போய்த் துண்டு கொண்டுவந்து கொடுத்தேன்.

அன்று மாலை ஆறு மணிக்குக் கார் நிறுத்தும் இடத்தில் சங்கக் கூட்டம் நடந்தது. பெண் பார்க்க வருவதை ஒத்திப்போட்டிருந்தார்கள். லாரிக்காரர்கள் தாங்களாகவே இறங்கினார்கள், யாரும் இறங்கச் சொல்லவில்லை என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்று சத்யநாராயணன் சொன்னார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "இதைப் பத்தியே பாடற பொண்ணு நீ. உன்கிட்டதாம்மா முதல்ல வருவாங்க. ஹெட்போன் போட்டுட்டு ரெக்கார்ட் பண்ணிட்டு இருந்தேன்னு சொல்லு. அது பொய்கூட இல்லையே" என்றார். என் தந்தை அந்தக் கூட்டத்தில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லவும் சொல்லவில்லை. 18.03.2025 அன்று காவல் நிலையத்தில் விசாரித்தபோது, நான் ஹெட்போன் போட்டிருந்ததால் எதையும் கேட்கவில்லை என்று சொன்னேன். சாம்பசிவன் மட்டும் கைது செய்யப்பட்டுச் சிறைக்குப் போனார்.

அதன் பிறகு இந்தச் சாவு செய்தியில் வந்தது. கோவிலம்பாக்கம் கூட்டத்தில் யாரோ எடுத்திருந்த என் கவிதை வீடியோவை அத்துடன் சேர்த்துப் போட்டார்கள். நான்கு நாளில் ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். கல்லூரிகளிலிருந்தும் சேனல்களிலிருந்தும் கூப்பிட்டார்கள். இதே குடியிருப்பில் இருந்துகொண்டு துணிச்சலாகக் குரல் கொடுத்த பெண் என்று எழுதினார்கள். நான் அதை மறுத்து எங்கும் எழுதவில்லை. வீட்டில் நானும் என் தந்தையும் அந்த நாட்களில் பேசிக்கொள்ளவில்லை. நான் சாப்பிட்டு எழுந்த பிறகு அவர் வந்து சாப்பிடுவார். தட்டு கழுவுகிற சத்தத்தை வைத்து அவர் சாப்பிட்டதைத் தெரிந்துகொள்வேன்.

05.04.2025 சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேற்குத் தாம்பரத்தில் ஒரு அரங்கில் நடந்த நிகழ்ச்சிக்குப் போய் 'மூடி' முழுவதையும் சொன்னேன். முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். வரிகளை அவர்களும் சேர்ந்து சொன்னார்கள். அதன் பிறகு தயாளனின் மனைவி பட்டுவை மேடைக்கு அழைத்து எனக்குச் சால்வை போடச் சொன்னார்கள். அவர் போட்டார். போட்டோ எடுத்தார்கள். அதன் பிறகு கீழே இறங்கி நாற்காலி வரிசைக்கு ஓரமாக நின்றபோது அவர் என்னிடம், "நீ அந்த வூட்லதானே கீற. அவரு குடிச்சிட்டுத் தானா எறங்கிட்டாருன்னு உங்க வூட்டாளுங்க சொல்றாங்களாமே. அவரு குடிக்கமாட்டாரும்மா. கடசியா இன்னா பேசினாருன்னு உனக்கு எதனா தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது, ஹெட்போன் போட்டிருந்தேன் என்று சொன்னேன். அவர் "சரிம்மா" என்றார். அதற்குள் இன்னும் இரண்டு பேர் என்னோடு போட்டோ எடுக்க வந்தார்கள். அவர் தள்ளி நின்று வழி விட்டார்.

அதன் பிறகு நான் பேருந்தில் ஏறினேன். சால்வை மடியில் இருந்தது. கீழ்க்கட்டளை நிறுத்தம் வந்தபோது இறங்கத் தோன்றவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய் வேறு பேருந்தில் திரும்பி வந்தேன். போனில் நூற்றுக்கும் மேலே செய்திகள் வந்திருந்தன. யாரிடம் இதைச் சொல்லலாம் என்று பெயர்களை மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். ஒருவரையும் கூப்பிடவில்லை.

மறுநாள் 06.04.2025 ஞாயிற்றுக்கிழமை என் தந்தை கோயிலிலிருந்து வந்ததும் அவரிடம், "அப்பா, அன்னிக்கு நீங்க சொன்னது எனக்குக் கேட்டுது" என்றேன். அவர் செருப்பைக் கழற்றியபடி, "தெரியும்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீ ஜன்னலைச் சாத்தின சத்தம் கேட்டுது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவனும் பார்த்தான்" என்றார். செருப்பை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.  பிறகு அவராகவே, "அதுக்கப்புறம்தான் அவன் சட்டையைக் கழட்டினான்" என்று சொன்னார்.

நான் மறுநாள் காவல் நிலையத்துக்குப் போகப் போகிறேன் என்றும், அதன் பிறகு அவர் பெயர் வழக்கில் சேரும் என்றும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "சாமுவேல் மகன் இப்ப வக்கீலா இருக்கான், என்கிட்ட படிச்சவன்" என்று ஏதோ ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். அதன் பிறகு, "சொல்றதா இருந்தா ரெண்டையும் சொல்லு. நான் சொன்னதையும் சொல்லு, நீ சாத்தினதையும் சொல்லு. ஒண்ணை மட்டும் சொன்னா அதுவும் பாட்டு மாதிரிதான் ஆகும்" என்றார். இது அவர் என்னை மிரட்டியதா என்று கேட்டதற்கு, இல்லை என்கிறேன்.

07.04.2025 அன்று காவல் ஆய்வாளரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அதன் பிறகு என் தந்தையும் சத்யநாராயணனும் இந்த வழக்கில் எதிரிகளாகச் சேர்க்கப்பட்டு ஜாமீனில் இருக்கிறார்கள். சாம்பசிவனும் ஜாமீனில் வெளியே வந்துவிட்டதாக அறிகிறேன். குடியிருப்பு குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். மாடிப்படியில் நான் வந்தால் எதிரில் வருபவர்கள் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். என் தந்தையிடம் பேசுகிறார்கள். அவர் இரண்டு வார்த்தை பதில் சொல்லிவிட்டு மேலே வந்துவிடுகிறார்.

10.04.2025 அன்று மாலை நான் கோவிலம்பாக்கத்தில் பட்டுவின் வீட்டுக்குப் போனேன். தயாளன் குடிக்கவில்லை, இரண்டு நாள் மூடியைத் திறந்து போடச் சொன்னார், என் தந்தை அவரை இறங்கச் சொன்னார், அவர் மேலே என்னைப் பார்த்தபோது நான் ஜன்னலைச் சாத்தினேன் என்று வரிசையாகச் சொன்னேன். பட்டு கேட்டுக்கொண்டே அரிசி களைந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத்த அன்னிக்கே கேட்டேனேம்மா" என்றார். உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. உலை கொதித்ததும் அவர் உள்ளே போனார். நான் சிறிது நேரம் வாசலில் நின்றுவிட்டு வந்துவிட்டேன். அதன் பிறகு நான் எந்த மேடையிலும் கவிதை சொல்லவில்லை. இனிமேல் சொல்வேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

யாராவது தூண்டி இந்த வாக்குமூலம் தருகிறேனா என்று கேட்டதற்கு, இல்லை. இன்று என்னுடன் யாரும் வரவில்லை. நான் தனியாகத்தான் வந்தேன்.

காவல் நிலையத்தில் முதலில் சொன்னது பொய்யா என்று கேட்டதற்கு, ஹெட்போன் போட்டிருந்தது உண்மை, எதையும் கேட்கவில்லை என்றது பொய்.

தந்தைக்கும் எனக்கும் முன்விரோதம் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, முன்விரோதம் எதுவும் கிடையாது. அந்த வீட்டில் அவருக்கு நான், எனக்கு அவர், வேறு ஆள் இல்லை. இங்கே கையெழுத்துப் போட்டுவிட்டு நான் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவர் கதவைத் திறப்பார்.

நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓர் இடத்தில் நான் ஜன்னலைச் 'சாத்தினேன்' என்பதை 'சாத்தப்பட்டது' என்று எழுதியிருந்ததைத் திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டது. மற்றபடி எல்லாம் சரி. இதில் உள்ளவை நான் அறிந்த உண்மை, எதையும் கூட்டவில்லை, மறைக்கவில்லை.

(ஒப்பம்) வே. ஜெரூஷா
24.04.2025, பகல் 1.05 மணி